பொருளின்மையில் பொருள் கண்ட பாவலர்: சுகுமார் ராய்

வங்காளத்தில் எழுத்தறியாத பாட்டியும் எழுத்துக்கூட்டத் தொடங்கிய பேரனும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஒரே நூலின் அடிகளை மனப்பாடமாகச் சொல்வர் எனில், அது பெரும்பாலும் சுகுமார் ராயின் 'ஆபோல் தாபோல்' ஆகவே இருக்கும். குழந்தைகளுக்கென எழுதப்பெற்ற விந்தைக் கற்பனை, முதியோரிடத்தும் தன் ஆட்சியை இழவாது நிற்பது இலக்கிய வரலாற்றில் அரிதாக நிகழ்வதாகும்.

சுகுமார் 1887ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி எழுத்தாளர், ஓவியர், இசைவாணர். அனைத்திற்கும் மேலாக, நிழற்படங்களைப் புள்ளிகளாக்கி அச்சிடும் 'ஹாஃப்டோன்' முறையில் இலண்டன் அறிஞரும் மதித்த ஆய்வாளர். இல்லத்தில் அச்சு மையின் மணமும் கதையின் ஒலியும் ஒருங்கே நிறைந்திருந்தன. சுகுமார் மாநிலக் கல்லூரியில் இயற்பியல், வேதியியல் ஆகிய இரண்டிலும் சிறப்புப் பட்டம் பெற்றார். நகைச்சுவைப் பாவலர் ஒருவர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தார் என்பதைப் பலர் வியப்பாகக் கருதுவர். அதில் வியப்பேதும் இல்லை. விதியை நன்கறிந்தவனே அதனை அழகாக மீற இயலும்.

கல்லூரி நாள்களில் அவர் நிறுவிய 'நான்சென்ஸ் கிளப்' ஒரு கையெழுத்து இதழை நடத்தியது. தெருவில் விற்கும் பலவகை வறுவல் கலவையின் பெயரைத் தழுவி, 'முப்பத்திரண்டரை வறுவல்' என்னும் பொருள்படும் பெயரை அவ்விதழுக்குச் சூட்டினார். அக்கழகத்திற்காக எழுதிய 'லக்ஷ்மணேர் சக்திசேல்' என்னும் நாடகத்தில் இராம காதையின் போர்க்களம் நகைப்புக்களமாகிறது. இலக்குவன் வேலேற்று வீழும் படலத்தைக் கம்பனிடம் கண்ணீரோடு பயின்ற நமக்கு இது சற்றுத் திகைப்பூட்டலாம்.

1911இல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று, இலண்டனிலும் மான்செஸ்டரிலும் நிழற்படக் கலையும் அச்சுத் தொழில்நுட்பமும் கற்றார். தாகூரின் கவிதை குறித்து அங்கு ஓர் ஆங்கிலக் கட்டுரை படித்தார். அவர் தாயகம் திரும்பிய 1913ஆம் ஆண்டிலேயே தந்தையார் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் திங்களிதழைத் தொடங்கியிருந்தார். இனிப்பு, செய்தி எனும் இரு பொருளும் தரும் பெயர் அது. 1915இல் தந்தையார் மறைய, இதழும் அச்சகமும் இளைஞர் தோளில் ஏறின. சுனீதிகுமார் சட்டர்ஜி, மகலனோபிஸ் போன்றோர் கூடிய 'மண்டே கிளப்' இக்காலத்தது. விருந்து சற்று மிகுதியாதலால் 'மண்டா' என்னும் இனிப்பின் பெயராலும் அதனைக் கேலியாக வழங்கினர்.

எட்வர்டு லியர், லூயிஸ் கரோல் ஆகியோரின் நிழலே சுகுமார் என்பாரும் உளர். கடன் உண்டு, மறுப்பதற்கில்லை. 'ஹயவரல' என்னும் நெடுங்கதையில் சிறுவன் ஒருவனின் கைக்குட்டை பூனையாகிறது. இறுதியில் பொருளற்ற நீதிமன்ற வழக்கொன்று நடைபெறுகிறது. இவை கரோலை நினைவூட்டுவனவே. ஆனால் பலகையும் எழுதுகோலுமாய்க் கணக்குப் போடும் அந்தக் காகம் கல்கத்தா எழுத்தர் உலகத்தது. வயது நாற்பதை எட்டியதும் அதனைப் பின்னோக்கித் திருப்பிவிடும் ஏற்பாடும் அங்கு உண்டு. நாம் இடையினம் என்று கூறும் எழுத்துகளை ஹகரத்தோடு கலைத்துப் போட்டாற்போன்ற அத்தலைப்பு, வங்க வழக்கில் குழப்பத்தைக் குறிப்பது. ஒலியே பொருளாகும் இந்நுட்பம் கடன் வாங்கிக் கிடைப்பதன்று.

'ஆபோல் தாபோல்' பாக்களில் வாத்தும் முள்ளம்பன்றியும் ஓருடலாகின்றன. கொக்கு ஆமையோடு இணைகிறது. இரண்டு சொற்களை ஒட்டுவதால் ஓர் உயிர் பிறக்கிறது. இலக்கணத்தார் புணர்ச்சி என்பதைச் சுகுமார் உயிரியலாக்கிவிட்டார்! சிவபெருமான் நாட்டின் விபரீதச் சட்டங்களைப் பாடும் பாட்டில், வழுக்கி விழுந்தவனைக் காவலர் பிடித்துச் செல்கின்றனர். அந்நியர் ஆட்சியில் எழுந்த அப்பாட்டைக் குழந்தை சிரித்துக்கொண்டே படிக்கும். தந்தை சிரித்தபின் சற்று நிறுத்துவார்.

1921ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் மகன் சத்யஜித் பிறந்தார். அவ்வாண்டே சுகுமாரைக் காலா-அசார் என்னும் கருங்காய்ச்சல் பற்றியது. அதே நகரில் உபேந்திரநாத் பிரம்மசாரி அந்நோய்க்கு யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தைக் கண்டு, அதன் பயனை 1922இல் வெளியிட்டார். அது பரவலான வழக்கிற்கு வருமுன் காலம் கடந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் படுக்கையில் இருந்தவாறே அவர் எழுதினார், வரைந்தார், இதழுக்கு வேண்டியன செய்தார். தாகூர் வந்து நோயாளியின் விருப்பப்படி பாடல்கள் பாடிச் சென்றார். தம் முதற் பாநூலின் பக்க அமைப்பையும் ஓவியங்களையும் அட்டையையும் சுகுமார் தாமே உருவாக்கினார். அந்நூலின் இறுதிப் பாட்டில் நகைப்பினூடே உறக்கமும் பாட்டின் முடிவும் வந்து கலக்கின்றன. தம் முடிவை அறிந்த ஒருவர், அதனையும் விளையாட்டின் சொல்லாலேயே கூறினார். புலம்பல் ஒரு சொல்லும் இல்லை. தன்னிரக்கத்தையே கவிதையெனக் கருதும் நம் கவிஞர் சிலர் இவ்விடத்தை ஊன்றிப் படித்தல் நன்று.

1923 செப்டம்பர் 10ஆம் நாள், முப்பத்தாறு வயது நிறையுமுன் அவர் மறைந்தார். நூல் ஒன்பது நாள் கழித்து வெளிவந்தது. அச்சான அந்நூலை அவர் கையில் ஏந்தியதில்லை. சில ஆண்டுகளில் அச்சகமும் கார்பார் சாலை இல்லமும் குடும்பத்தின் கையைவிட்டுப் போயின; இதழும் நின்றது.

தந்தையை நினைவில் ஏந்தும் வயதுகூட நிரம்பாதிருந்த அம்மகன், கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயவுடன் இணைந்து 1961இல் 'சந்தேஷ்' இதழுக்கு மீண்டும் உயிரளித்தார். அதுவரை திரைப்படத்தில் மூழ்கியிருந்த சத்யஜித், அவ்விதழின் பக்கங்களை நிரப்பவே கதை எழுதத் தலைப்பட்டார். சுகுமார் தம் இறுதிக்காலத்தில் ஹேஷோராம் என்னும் ஆராய்ச்சியாளரின் நாட்குறிப்பாக, விந்தை விலங்குகள் உலவும் கதை ஒன்று எழுதியிருந்தார். சத்யஜித் அவ்விதழில் எழுதிய பேராசிரியர் ஷங்குவின் முதற் கதையும் ஒரு நாட்குறிப்பே.