ஜானுஷ் கோர்ச்சாக்: பெற்றோர் இல்லாப் பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் தந்த டாக்டர்



நம்ம குழுக்கள்ல தான் பெறாத பிள்ளையை வளர்க்கிற பெண்கள் நிறைய பேர் இருக்காங்க. அக்கா இறந்துட்டா, அவள் மகள் இங்கே வந்துட்டாள். தம்பி குடியில போயிட்டான், அவன் மகனைக் கூட்டிட்டு வந்தாச்சு. மகளோட பிள்ளையைப் பாட்டிதான் பார்க்கிறாங்க. இந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போடறதும் துணி எடுக்கறதும்கூடப் பெரிய கஷ்டமில்லை. அடிக்கிறான், பொய் சொல்றான், கேட்காம எடுக்கிறான், ராத்திரி தூங்க மாட்டேங்கிறான், இதுக்கு என்ன செய்யறதுன்னு தெரியாமத்தான் பலர் கண்ணீர் விடறாங்க. அடிச்சுப் பார்த்தாச்சு, கொஞ்சியும் பார்த்தாச்சு.

இதே கேள்வியைத் தலையில் சுமந்துகொண்டு முப்பது வருஷம் வாழ்ந்த ஒருவர் போலந்து நாட்டில் இருந்தார். அவர் பெயர் ஜானுஷ் கோர்ச்சாக். அவர் கதையை நம் உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோர்ச்சாக் என்பது அவர் எழுதுவதற்கு வைத்துக்கொண்ட புனைபெயர். சொந்தப் பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். வார்சா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் ஜூலை 22ஆம் தேதி பிறந்தார். வருஷம் 1878ஆ, 1879ஆ என்பது அவருக்கே உறுதியாகத் தெரியாது. அப்பா உரிய காலத்தில் பிறப்பைப் பதிவு செய்யாமல் விட்டதுதான் காரணம்.

அப்பா வக்கீல், வசதியான வீடு. ஆனால் அப்பாவுக்கு மனநோய் வந்தது. வைத்தியச் செலவில் வீடு கரைந்தது. 1896ல் அப்பா இறந்தார். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே பையன் மற்ற பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து வீட்டைத் தாங்கினான். அப்பா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பதை அவர் அப்போதே அனுபவித்துத் தெரிந்துகொண்டார்.

பிறகு டாக்டருக்குப் படித்தார். வார்சாவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் ஏழு வருஷம் போல வேலை பார்த்தார். கதைகளும் எழுதினார், பெயரும் வந்தது. ஆனால் ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. காய்ச்சலைக் குணப்படுத்தி அனுப்புகிற பிள்ளை அதே பசிக்கும் அதே அடிக்கும்தான் திரும்பிப் போகிறது. ஆஸ்பத்திரி வேலை மட்டும் போதாது என்று அவருக்குத் தோன்றியது.

பிள்ளைகளைப் பழக்குவதில் அவர் முதலில் தோற்றுத்தான் போனார். அதையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். இளம் வயதில், ஏழைப் பையன்களுக்கான கோடை முகாம் ஒன்றில் சுமார் 30 பேருக்குப் பொறுப்பாளராக இருந்தார். சிரித்துப் பேசினால் எல்லாரும் கேட்பார்கள் என்று நினைத்துப் போனார். ஒரு ராத்திரி படுக்கை அறையில் ஒரே ரகளை. கோபம் தலைக்கேறி, ஒரு பையனைக் காதைப் பிடித்து இழுத்து மிரட்டினார். அதற்கப்புறம் அவருக்கே வெட்கமாகிவிட்டது. பிள்ளைகளை உட்கார வைத்து என்ன செய்யலாம் என்று அவர்களையே கேட்டார். பிள்ளைகளிடம் பேசுவது வேறு, பிள்ளைகளோடு சேர்ந்து பேசுவது வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது என்கிறார்.

1912ல் வார்சாவில் க்ரோக்மால்னா தெரு 92ஆம் எண்ணில் அநாதைப் பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் திறந்தார்கள். சுமார் 100 பிள்ளைகள், 7 வயது முதல் 14 வயது வரை. கோர்ச்சாக் அதற்கு இயக்குநர். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அந்த இல்லமே அவருக்குக் குடும்பம்.

இங்கே இன்னொருவரைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா. பெல்ஜியம் போய்ப் படித்த பெண். வீட்டின் அன்றாட நிர்வாகம் முழுக்க அவர் கையில்தான் இருந்தது. யாருக்குச் செருப்பு கிழிந்தது, யார் தலையில் பேன், யார் சாப்பிடவில்லை என்று எல்லாம் அவருக்குத் தெரியும். முதல் உலகப் போரில் கோர்ச்சாக்கை ராணுவ டாக்டராகக் கூட்டிப்போனபோது, நான்கு வருஷம் தனி ஆளாக அந்த இல்லத்தை நடத்தினார். டாக்டர் பெயர்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அம்மா வேலை செய்தவர் பெயர் பின்னால் போய்விட்டது. நமக்கு இது புதுசு இல்லைதானே?

இல்லத்தில் முதல் வருஷம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. தெருவில் வளர்ந்த பிள்ளைகள் எதற்கும் அடங்கவில்லை. அடிக்காமல், பட்டினி போடாமல், அதே நேரம் கண்டும் காணாமலும் விடாமல் எப்படிப் பழக்குவது? கோர்ச்சாக் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துச் சில வழிகளைக் கண்டுபிடித்தார்.

முதலாவது, பொருள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பூட்டும் சாவியும் உள்ள ஒரு சின்ன இழுப்பறை. அதற்குள் கூழாங்கல், நூல், உடைந்த பொத்தான் எது வேண்டுமானாலும் இருக்கலாம். பெரியவர்கள் அதைக் குப்பை என்று தூக்கிப் போடக்கூடாது. தனக்கென்று ஒரு பொருள் இல்லாத பிள்ளைக்கு அடுத்தவர் பொருள் என்றால் என்னவென்று எப்படித் தெரியும்?

இரண்டாவது, புதிதாக வருகிற பிள்ளை. ஏற்கெனவே அங்கே இருக்கிற ஒரு மூத்த பிள்ளை அதற்கு மூன்று மாதம் காவலர். எங்கே கழுவுவது, எப்போது சாப்பாடு, எதைச் செய்யக்கூடாது என்று எல்லாவற்றையும் அந்த அக்காவோ அண்ணனோ சொல்லித்தர வேண்டும். காவலர் ஒரு நோட்டில் எழுதுவார், டாக்டர் அதைப் படித்துப் பதில் எழுதுவார். ஒரு வருஷம் ஆனபின் மற்ற பிள்ளைகள் எல்லாரும் புதியவரைப் பற்றி ஓட்டுப் போடுவார்கள். பிடித்தால் கூட்டல் குறி, பிடிக்காவிட்டால் கழித்தல் குறி, இரண்டும் இல்லை என்றால் பூஜ்யம். கூட இருக்கிறவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது, வேலை. கூட்டுவது, துடைப்பது, பாத்திரம் எடுப்பது எல்லாம் பிள்ளைகள் முறை வைத்துச் செய்தார்கள். துடைப்பத்தை மூலையில் ஒளித்து வைக்காமல், படுக்கை அறை வாசலில் மதிப்பான இடத்தில் வைத்தார் கோர்ச்சாக். சாப்பாடு முடிந்ததும் தட்டுகளை அவரே எடுப்பார். பெரிய டாக்டர், ஊரறிந்த எழுத்தாளர் எச்சில் தட்டு எடுக்கிறார் என்றால், பிள்ளை எந்த வேலையைக் கேவலம் என்று சொல்லும்?

நான்காவது, பந்தயம். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். சண்டை போடுகிற பையன் வாரம் ஒருமுறை டாக்டரிடம் வந்து பந்தயம் கட்டலாம். இந்த வாரம் இத்தனை சண்டைக்கு மேல் போடமாட்டேன் என்று எண்ணிக்கையை அவனே சொல்ல வேண்டும். ஒரேயடியாக நிறுத்திவிடுகிறேன் என்றால் டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். தினமும் சண்டை போடுகிறவன் முதலில் வாரத்துக்கு ஐந்து என்று சொல்லட்டும், அப்புறம் நான்கு, அப்புறம் மூன்று. ஜெயித்தால் மிட்டாய். ஜெயித்தானா தோற்றானா என்று யாரும் வேவு பார்க்க மாட்டார்கள். அவன் சொல்வதுதான் கணக்கு. கெட்ட வார்த்தைக்கும் பொய்க்கும் இதே வழிதான். நாமளும் சேமிப்பைப் பத்து ரூபாய், இருபது ரூபாய்னுதானே ஆரம்பிச்சோம்? பழக்கமும் அப்படித்தான் சேரும்.

ஐந்தாவது, எல்லாவற்றையும் விடப் பெரியது, பிள்ளைகள் நீதிமன்றம். யார் மேல் புகார் இருந்தாலும் பலகையில் எழுதிவிட வேண்டும். அன்றைக்கே தீர்ப்புக் கிடையாது. காத்திருக்கிற நாட்களில் பாதிக் கோபம் ஆறிவிடும், பலர் தாங்களே புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். நீதிபதிகள் ஐந்து பேர், எல்லாரும் பிள்ளைகள். அந்த வாரம் தங்கள் மேல் வழக்கு இல்லாதவர்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுப்பார்கள்.

சட்டப் புத்தகம் கோர்ச்சாக் எழுதியது. அதில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்புத்தான். தெரியாமல் செய்தான், வருந்துகிறான், இனிமேல் செய்யமாட்டான் என்று விதவிதமாக மன்னிக்க வழி உண்டு. 100ஆம் பிரிவிலிருந்துதான் குற்றம் என்ற பேச்சு வரும். அதிலும் அடி கிடையாது, பட்டினி கிடையாது. நீ செய்தது தவறு என்று சொல்வதும், பெயரைப் பலகையில் போடுவதும்தான் தண்டனை. கடைசிப் பிரிவான 1000தான் இல்லத்தை விட்டு அனுப்புவது.

டாக்டர் மேலேயும் வழக்குப் போடலாம். ஆறு மாதத்தில் ஐந்து முறை அவரே அந்தப் பிள்ளைகள் முன் நின்றார். ஒரு பையனின் காதில் அடித்தது ஒரு வழக்கு, ஒரு பெண் பிள்ளையைத் திருடி என்று சந்தேகப்பட்டது இன்னொரு வழக்கு. நியாயம் என்றால் என்னவென்று அந்த ஐந்து வழக்குகள் தனக்குக் கற்றுக்கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். இந்த நீதிமன்றமும் ஆரம்பத்தில் சரியாக நடக்கவில்லை. பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். சில வாரம் நிறுத்திவைத்து, விதிகளைத் திருத்தி மறுபடியும் தொடங்கினார். நம்ம குழுக்கள்லயும் விதிமுறையைத் திருத்தித் திருத்தித்தானே ஓட்டறோம்.

1926ல் பிள்ளைகளே எழுதுகிற ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். வானொலியில் கிழ டாக்டர் என்ற பெயரில் பேசினார். நாடே அவர் குரலைக் கேட்டது.

பிறகு கெட்ட காலம் வந்தது. 1939ல் ஹிட்லரின் ஜெர்மனி போலந்தைப் பிடித்தது. 1940ல் வார்சாவின் யூதர்கள் எல்லாரையும் மதில் கட்டி ஒரு பகுதிக்குள் அடைத்தார்கள். இல்லமும் அதற்குள் போக வேண்டியதாயிற்று. குடிமாறும்போது பிள்ளைகளின் உருளைக்கிழங்கு வண்டியைப் பறித்துக்கொண்டார்கள். அதைக் கேட்கப் போன கோர்ச்சாக்கைச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்தபின் உடம்பு தளர்ந்துவிட்டது. ஆனாலும் தினமும் பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்காகக் கையேந்தினார். சுமார் 200 பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பசியிலும் பாடம் நடந்தது, வேலை முறை நடந்தது.

1942 ஜூலை 18ஆம் தேதி பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். நம் நாட்டு ரவீந்திரநாத் தாகூர் எழுதிய அஞ்சலகம் என்ற நாடகம் அது. அதில் வருகிற அமல் என்ற சிறுவனும் ஒரு வளர்ப்புப் பிள்ளைதான். நோயாளி, வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களோடு பேசிப் பேசி, கடைசியில் அமைதியாகக் கண் மூடுகிறான். மரணம் வாசலில் நிற்பது கோர்ச்சாக்குக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகள் பயமில்லாமல் அதைச் சந்திக்க வேண்டும் என்று நினைத்துத்தான் அந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்தார் என்கிறார்கள்.

நான்கே நாளில் மக்களை ரயிலேற்றத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் இல்லத்தின் முறை வந்தது. கோர்ச்சாக் தப்பிக்க நண்பர்கள் முன்பே பலமுறை ஏற்பாடு செய்து கூப்பிட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். ஸ்டெஃபானியா போருக்கு முன் பாலஸ்தீனத்தில் பத்திரமாக இருந்தவர். பிள்ளைகளுக்காக 1939ல் திரும்பி வந்தார். அவரும் போகவில்லை. பிள்ளைகள் வரிசையாக நடந்தார்கள். கூடவே இருவரும் மற்ற ஊழியர்களும் நடந்தார்கள். ட்ரெப்ளிங்கா என்ற கொலை முகாமுக்குப் போன அந்த ரயிலிலிருந்து அவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

போருக்கு முன்பே வளர்ந்து வெளியே போன பிள்ளைகள் பலர் உயிரோடு இருந்தார்கள். டாக்டரும் ஸ்டெஃபானியாவும் தங்களை எப்படி வளர்த்தார்கள் என்று அவர்கள்தான் உலகத்துக்குச் சொன்னார்கள். குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்று கோர்ச்சாக் எழுதியதைப் போலந்து மறக்கவில்லை. அந்த நாடு முன்வைத்த யோசனையிலிருந்துதான் 1989ல் ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை வந்தது. இந்தியா 1992ல் அதில் சேர்ந்தது.

சகோதரிகளே, நம்மிடம் நூறு பிள்ளைகள் இல்லை, ஒன்றோ இரண்டோதான். அந்தப் பிள்ளைக்குன்னு ஒரு டப்பா கொடுங்க, அதை நீங்க திறக்காதீங்க. ஒரே நாள்ல திருந்தச் சொல்லாம வாரத்துக்கு ஒண்ணு குறைக்கச் சொல்லுங்க. கோபம் வந்தா தீர்ப்பை நாளைக்குத் தள்ளுங்க. நீங்க தப்பு செஞ்சா அந்தப் பிள்ளைகிட்ட ஒத்துக்குங்க. முடியாம தவிக்கும்போது தனியா அழ வேண்டாம், குழுவுல சொல்லுங்க. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கு, வளர்ப்புப் பராமரிப்பு பத்தி அங்கே கேட்கலாம். அவசரத்துக்கு 1098 இலவச எண்.

அம்மாவை இழந்த பிள்ளை நம்ம வீட்டுக்கு வரும்போது பயத்தோடதான் வருது. அந்தப் பயம் போக நாளாகும். அதுவரைக்கும் நாம பொறுத்திருப்போம்.