இராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரும் தமிழிசை விழாவும்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலே 1881-ஆம் ஆண்டில் முத்தையா செட்டியாரின் புதல்வராய்த் தோன்றிய இராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரவர்கள், தம் பெரும்பொருளைக் கல்விக்கு வழங்கிய வள்ளலாவார். 1920-இல் சிதம்பரத்தில் அவர் நிறுவிய மீனாட்சி கல்லூரி, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாய் விரிந்தது. இசைக்கும் அங்கே தனிக்கல்லூரி அமைத்தார்.

அக்காலத்துச் சங்கீத சபைகளிலே தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனங்களே மிகுந்தன. தமிழ்ப்பாட்டோ கச்சேரியின் இறுதியிலே துக்கடாவாய் ஒதுங்கிற்று. பாடுவோரும் கேட்போரும் தமிழராயிருந்தும், பாட்டின் பொருள் பெரும்பாலார்க்கு எட்டாதிருந்தது. இக்குறை நீக்கக் கருதி, 1941 ஆகஸ்டு மாதத்தில் அண்ணாமலைநகரிலே தமிழிசை மகாநாடு கூட்டுவித்தார். நாதமே இசைக்கு உயிர், மொழியன்று எனக் கலைவல்லோர் பலர் மறுத்தனர். பிறமொழிப் பாட்டை விலக்குதல் இயக்கத்தின் கருத்தன்று. தமிழரங்கில் தமிழ் முதலிடம் பெறுதலே அது வேண்டியதாம்.

1943-இல் சென்னையிலே தோன்றிய தமிழிசைச் சங்கம், ஆண்டுதோறும் இசைவிழா நடாத்தி வரலாயிற்று. 1948-இல் செட்டியாரவர்கள் இறைவனடி எய்தினார். 1949-இலே சங்கம் பண்ணாராய்ச்சி தொடங்க, ஓதுவார்களும் இசைப்புலவர்களும் ஒருங்கிருந்து தேவாரப் பண்களின் இயல்பை ஆராய்ந்தனர். அவர் இட்ட வித்து அவருக்குப் பின்னும் விளைந்தவாறு இது.

ஆசிரியர்காள்! கல்லூரி நிறுவுதல் செல்வர்க்கே கூடும்; பாட்டின் பொருளை முன்னர் விளக்கிப் பின்னர்ப் பாடுவித்தல் நம்மனோர் யாவர்க்கும் கூடும். பொருளுணர்ந்து பாடும் சிறாரே நாளை அவ்விழாக்களில் அமர்ந்து கேட்போராவர்.