ஊட்டியை ஒரு ஆங்கிலேயர் 'கண்டுபிடித்தாரா'? உறைபனி மலையில் நகரம் கட்டிய ஜான் சல்லிவன் கதை

நாகர்கோவில்காரர்களுக்குக் குளிர் என்றால் ஆனி, ஆடி சாரல்தான். மிஞ்சிப்போனால் மார்கழி விடியற்காலையில் தலையில் ஒரு துண்டு. அதே ஆள் ராத்திரி பஸ் ஏறி ஜனவரி மாதம் ஊட்டியில் போய் இறங்கினால் அசந்துபோவார். புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டிய மாதிரி உறைபனி. நடுவில் ஏரி, பழைய தேவாலயம், கல் பங்களாக்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே வேறு ஒரு நாடு போல இருக்கும்.

கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இப்படி ஒரு நகரம் எப்படி வந்தது? பதிலில் முக்கியமான பெயர் ஜான் சல்லிவன். ஊட்டியைக் கண்டுபிடித்தவர் என்று இவரைச் சொல்வார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

யார் இந்த சல்லிவன்?

1788ல் லண்டனில் பிறந்தவர். பதினைந்து, பதினாறு வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். படிப்படியாக உயர்ந்து கோயம்புத்தூர் கலெக்டர் ஆனார். நீலகிரி அப்போது அந்த ஜில்லாவின் எல்லைக்குள் இருந்த மலை.

1818ல் இவருடைய உதவியாளர்கள் இரண்டு பேர் மலை ஏறிப் போய்விட்டு வந்து, மேலே ஐரோப்பா மாதிரி குளிர் என்று சொன்னார்கள். சல்லிவனுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. 1819 ஜனவரியில் ஒரு கூட்டத்தோடு தானே கிளம்பினார். நாகர்கோவிலில் ஹோம் சர்ச் கட்ட ஆரம்பித்ததும் அதே வருடம்தான். ரோடு கிடையாது, செங்குத்தான பாறை, அடர்ந்த காடு. மேலே போய்ச் சேரவே ஆறு நாள் ஆனது. அப்போது அவருக்கு வயது 30.

கனவை எப்படிக் கட்டினார்?

முதலில் கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் ஒரு பங்களா கட்டினார். சமவெளியில் இருந்து மலைக்குப் பாதை போட வைத்தார். பிறகு இன்னும் உள்ளே போய், இன்றைய ஊட்டியில் 1822ல் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். ஊர்க்காரர்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். அந்தக் கட்டடம் இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது.

அடுத்து, 1823ல் இருந்து 1825க்குள் மலை ஓடைகளைத் தடுத்து ஏரி அமைத்தார். இன்று நாம் படகு ஓட்டி செல்ஃபி எடுக்கும் அதே ஏரிதான். அப்போது இன்னும் நீளமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் இருக்கிற இடமெல்லாம் பழைய ஏரிப் பகுதி.

உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீச், ஆப்பிள், ஸ்ட்ராபெரி என்று குளிர் நாட்டுப் பயிர்களைக் கொண்டுவந்து பயிரிட்டுப் பார்த்தார். நம்ம வடசேரி சந்தையில் ஊட்டி உருளையா என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் கதையின் தொடக்கம் இங்கேதான்.

அப்போது அது காலி இடமா?

இல்லவே இல்லை. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் என்று பல சமூகங்கள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தன. ஐரோப்பியர்களிலும் சல்லிவன் முதல் ஆள் இல்லை. 1603லேயே ஃபெனிசியோ என்ற பாதிரியார் போய் தோடர்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். உதகமண்டலம் என்ற பெயருக்குள்ளேயே 'மந்து' இருக்கிறது. மந்து என்றால் தோடர் குடியிருப்பு.

அந்த மேய்ச்சல் நிலத்தைத்தான் சல்லிவன் ஏக்கர் ஒரு ரூபாய் கணக்கில் தோடர்களிடம் வாங்கினார். மலையில் இருந்த மற்ற ஐரோப்பியர்கள் யாரையும் விட அவரிடம்தான் நிலம் அதிகம்.

ஆனால் இதே மனிதர்தான், இந்த நிலம் தோடர்களுடைய சொத்து, விலை கொடுக்காமல் யாரும் எடுக்கக் கூடாது என்று கம்பெனி அரசோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். இதில் சுயநலம் இல்லையா? இருக்கலாம். நிலம் தோடர்களுடையது என்றால்தான் அவர் வாங்கியதும் செல்லும். ஆனாலும் மலை முழுக்க சர்க்கார் நிலம் என்று மேலதிகாரிகள் நினைத்தபோது எதிர்த்துப் பேசிய அதிகாரி அவர்.

கடைசியில் அவர் தோற்றார். ராணுவத்தினரின் ஓய்வுத்தலமாக ஊட்டி மாறியது. நிர்வாகம் 1828ல் ஒரு ராணுவ அதிகாரியிடம் போனது. தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமை மட்டும்தான், முழு உடைமை இல்லை என்று கம்பெனி முடிவு செய்தது.

கட்டிய ஊரே கல்லறை ஆனது

1830ல் சல்லிவன் இங்கிலாந்து போனார். சில வருடம் கழித்து சென்னை வருவாய் வாரியத்தில் பெரிய பதவிக்குத் திரும்பி வந்தார். 1838ல் மனைவி ஹென்ரியட்டா இறந்தார். அதே வருடம் மகளும் போய்விட்டாள். இருவரையும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்து மண்ணில்தான் அடக்கம் செய்தார்கள். உடம்பு தேற நல்ல இடம் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மலையில் தன் வீட்டு ஆட்களையே புதைத்துவிட்டு, 1841ல் வேலையை விட்டுக் கிளம்பினார்.

இங்கிலாந்திலும் சும்மா இருக்கவில்லை. இந்திய சமஸ்தானங்களைக் கம்பெனி விழுங்குவதை எதிர்த்து எழுதினார். நிர்வாகத்தில் இந்தியர்களுக்கு இடம் வேண்டும் என்றார். 1855 ஜனவரியில், 66வது வயதில் இறந்தார். லண்டன் பக்கத்தில் ஒரு சின்ன தேவாலய வளாகத்தில் இருந்த அவர் கல்லறையை ஊட்டிக்காரர்கள் தேடிக் கண்டுபிடித்ததே ரொம்ப காலம் கழித்துத்தான்.

ஏன் இது முக்கியம்?

சல்லிவன் பெயர் பாடத்திலும் சிலையிலும் இருக்கிறது. தோடர்களோ இன்று சுமார் 2,000 பேர்தான். அடுத்த முறை ஊட்டி போனால், கல் பங்களாவைப் பார்த்த கையோடு தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் தோடர் மந்தையும் ஒரு எட்டு பாருங்கள். நிலம் யாருடையது என்று அந்தக் கலெக்டர் 200 வருடம் முன்னாடி கேட்ட கேள்வி அங்கேதான் இன்னும் குடியிருக்கிறது.