மெஷினை விட்டுட்டுப் போனாங்க, மெக்கானிக் நாமே ஆனோம்!



கம்ப்யூட்டர் மேதைகள் யார் யார் என்று கேட்டால் பில் கேட்ஸ், ஸ்டீவ் ஜாப்ஸ் என்று கடகடவென ஒப்பிப்போம். தப்பில்லை. ஆனால் இந்தியாவில், இந்தியர்களே வடிவமைத்து, இந்தியர்களே சால்டரிங் அயர்னைப் பிடித்து உருவாக்கிய முதல் பெரிய கம்ப்யூட்டருக்குத் தலைமை தாங்கியவர் யார்? சென்னையில் பிறந்து, கிண்டியில் படித்த ஒரு தமிழர்! அவர் பெயர் ஆர். நரசிம்மன். அவரைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்துகொள்ள வேண்டாமா? வாங்க, பார்ப்போம்.

கிண்டியில் தொடங்கிய பயணம்

ரங்கசாமி நரசிம்மன் 1926-ம் ஆண்டு ஏப்ரல் 17-ம் நாள் சென்னையில் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தார். பிறகு அமெரிக்கா சென்று கால்டெக்கில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் முதுகலைப் பட்டமும், இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். ஒரு கையில் மின்னியல், மறு கையில் கணிதம். கம்ப்யூட்டர் செய்ய இதைவிட வேறென்ன வேண்டும்?

அங்கேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் ஹோமி பாபா கூப்பிட்டார். 1954-ல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் நரசிம்மன் சேர்ந்தார்.

அன்றைய நிலைமை என்ன தெரியுமா? நம் நாட்டில் கம்ப்யூட்டர் என்ற பொருளே கிடையாது. 1955-ல்தான் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஹெச்.ஈ.சி. 2எம் என்ற இயந்திரம் வந்து இறங்கியது. காசு கொடுத்து வாங்குவது ஒரு வழி. நாமே செய்து பார்ப்பது இன்னொரு வழி. பம்பாய்க்காரர்கள் இரண்டாவது வழியில் இறங்கினார்கள். அந்தக் குழுவில் அதற்கு முன்பு கம்ப்யூட்டர் கட்டிய அனுபவம் யாருக்கும் இல்லை. புத்தகத்தைப் பார்த்து நீச்சல் பழகுகிற மாதிரிதான்!

டிஃப்ராக் பிறந்த கதை

முதலில் 1956-ல் ஒரு சிறிய முன்மாதிரியைச் செய்து ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. அந்தத் தைரியத்தில் முழு இயந்திரத்தையும் கட்டி, 1960-ல் இயக்கத்துக்குக் கொண்டு வந்தார்கள். உள்ளே சுமார் 2,700 வால்வுகள். பழைய வால்வு ரேடியோவில் நாலைந்து வால்வு இருந்தாலே பெட்டி சூடேறும். 2,700 என்றால் யோசித்துப் பாருங்க! ஒரு வால்வு போனால் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். குளிர்சாதனம் வேறு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நினைவகம் எப்படி? கடுகளவு ஃபெரைட் வளையங்களை மெல்லிய கம்பிகளில் கோர்த்துச் செய்தது. ஒரு வளையம் ஒரு பிட். ஒரு சொல்லுக்கு 40 பிட் வீதம் 2,048 சொற்கள். கணக்குப் போட்டால் 81,920 பிட், அதாவது வெறும் 10 கிலோ பைட்! நம் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ இதைப்போல நூறு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அந்தப் பத்து கிலோ பைட்டை வைத்துக்கொண்டுதான் அன்றைய விஞ்ஞானிகள் தங்கள் கணக்குகளைப் போட்டார்கள்.

1962 ஜனவரியில் கொலாபாவில் அந்த நிலையத்தின் புதிய கட்டடத்தைத் திறக்க வந்த பிரதமர் நேரு இந்த இயந்திரத்துக்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டிஃப்ராக் ஓடத் தொடங்கியபோதே உலகம் டிரான்சிஸ்டருக்குத் தாவிவிட்டது. 1964-ல் அதே நிலையத்துக்கு அமெரிக்காவின் சி.டி.சி. 3600 என்ற பெரிய மெயின்ஃப்ரேம் வந்து சேர்ந்தது. டிஃப்ராக்கின் ஆயுள் அத்தோடு முடிந்தது. அப்படியானால் அந்த உழைப்பு வீணா? இல்லவே இல்லை! இயந்திரம் பழசாயிடும். அதைக் கட்டக் கற்ற கை பழசாகாது. இந்தக் கதையின் இரண்டாம் பாகம் அதைத்தான் காட்டுகிறது.

படத்துக்கும் இலக்கணம்

1961 முதல் 1964 வரை நரசிம்மன் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அணுத்துகள்கள் விட்டுச்சென்ற கோடுகளைப் படம் பிடித்து, அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரே படித்துச் சொல்ல வேண்டும். எப்படி? வாக்கியத்துக்கு எழுவாய், பயனிலை இருப்பதுபோல் படத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்று அவர் வழி வகுத்தார். கோடு, முனை, சந்திப்பு என்று பிரித்துப் பொருள் காணும் முறை அது. பட இலக்கணம் என்ற துறையில் அவர் முன்னோடி. பின்னாளில் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் இதே துறையில் நம் கோலத்துக்கே இலக்கணம் எழுதி 1974-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மார்கழி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதியில் வாசலுக்கு வாசல் புள்ளி வைக்கிற நம் அம்மாக்களும் அக்காக்களும் ஒரு வகையில் புரோகிராமர்கள்தான் போங்க!

நாடு திரும்பிய நரசிம்மன் 1965-ல் தொடங்கிய இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஐ.பி.எம். கிளம்பியது

இப்போதுதான் நமக்கு வேண்டிய இடத்துக்கு வருகிறோம். அக்காலத்தில் இந்தியாவின் பெரிய அலுவலகங்களில் ஓடிய கம்ப்யூட்டர்களில் பெரும்பங்கு ஐ.பி.எம். கம்பெனியுடையது. வெளிநாட்டில் ஓடி அலுத்த 1401 போன்ற இயந்திரங்களைப் புதுப்பித்து இங்கே வாடகைக்கு விட்டார்கள். மெஷினும் அவங்களுது, மெக்கானிக்கும் அவங்க ஆளு. நமக்கு வாடகை கட்டுவது மட்டும்தான் வேலை.

1973-ல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டம், வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்குள்ள தொழிலில் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குள் குறைக்க வேண்டும் என்றது. ஐ.பி.எம். ஒத்துக்கொள்ளவில்லை. 1978-ல் நடையைக் கட்டியது. கோகோ கோலாவும் அந்தச் சமயத்தில்தான் வெளியேறியது. கோலா போனால் என்ன, நம்ம விருதுநகரில் பிறந்த காளிமார்க் இருக்கு, குடிச்சுக்கலாம். ஆனால் கம்ப்யூட்டர்? நாடு முழுக்க எண்ணூறுக்கு மேற்பட்ட இடங்களில் அவர்கள் விட்டுப்போன இயந்திரங்கள் நின்றன. அவை நின்றுவிட்டால் சம்பளப் பட்டியலும் கணக்கும் நிற்கும். ரிப்பேர் யார் பார்ப்பது?

இப்படி ஒரு நாள் வரலாம் என்று முன்கூட்டியே யோசித்துச் செய்த ஏற்பாடுதான் 1975 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன், சுருக்கமாக சி.எம்.சி. அந்த நிறுவனம் உருவாக முக்கியக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் நரசிம்மன். ஐ.பி.எம். போனதும் அந்த எண்ணூறு சொச்சம் இடங்களின் பராமரிப்பை சி.எம்.சி. தோளில் ஏற்றிக்கொண்டது. செய்தவன் போன பிறகும் மெஷின் ஓடியது!

பேரைக் கவனித்தீர்களா? மெயின்டனன்ஸ். பலருக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் இளக்காரம். டிப்ளமோக்காரன் வேலை, கிரீஸ் படிகிற வேலை என்பார்கள். ஆனால் ராஜபாளையத்துக்காரர்களுக்கு விஷயம் தெரியும். ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேம் நின்றுவிட்டால் மேனேஜர் முதலில் தேடுவது யாரை? ஃபிட்டரை! பிரித்துப் போட்டு மாட்டத் தெரிந்தவனுக்குத்தான் அதன் உள்ளும் புறமும் தெரியும். உள்ளும் புறமும் தெரிந்தவன் அடுத்த படிக்கும் ஏறுவான்.

சி.எம்.சி.யும் ஏறியது. ரிப்பேர் கம்பெனியாகத் தொடங்கி மென்பொருள் எழுதும் கம்பெனியாக வளர்ந்தது. ரயில் ரிசர்வேஷனைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலையை எடுத்து, 1985-86-ல் டெல்லியில் செய்து காட்டியது. அதற்கு முன்பு ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு பேரேடு. அந்த ரயிலுக்கு உண்டான கவுண்டரில்தான் நிற்க வேண்டும். புதிய முறையில் எந்தக் கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட். பிறகு மற்ற பெருநகரங்களுக்கும் அது பரவியது. சி.எம்.சி. 2001-ல் டாடா குழுமத்தின் கைக்குப் போய், 2015-ல் டி.சி.எஸ்.ஸோடு இணைந்தது. இன்று அந்தப் பெயரில் தனி நிறுவனம் இல்லை. ஆனால் அது பழக்கிவிட்ட வழக்கம் ரயில் ஏறுகிற ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

குழந்தையிடம் படித்த மேதை

நரசிம்மன் தேசிய மென்பொருள் மேம்பாட்டு மையத்துக்கும் தலைமை தாங்கி, மென்பொருள் நிபுணர்கள் பலர் உருவாக வழி செய்தார். ஆனால் அவர் மனம் இன்னொரு கேள்வியைச் சுற்றிக்கொண்டே இருந்தது. மனிதன் மொழியை எப்படிக் கற்கிறான்? இதற்காக அவரும் அவரோடு பணியாற்றியவரும் பேசப் பழகும் ஒரு தமிழ்க் குழந்தையின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். டாக்டர் பட்டம் பெற்றவர் மழலைக்குக் காது கொடுத்தார்! 1981-லும் 1998-லும் மொழி நடத்தை பற்றி அவர் எழுதிய நூல்கள் வெளிவந்தன. பேசும் கம்ப்யூட்டர்கள் பெருகிவிட்ட இன்று அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகியிருக்கிறது. 2007 செப்டம்பர் 3-ம் நாள் அவர் மறைந்தார்.

நண்பர்களே! அவரிடம் நாம் கற்க வேண்டியது என்ன? புது மெஷின் வரும், பழைய மெஷின் போகும். விற்றவன் எப்போது வேண்டுமானாலும் கடையைக் கட்டுவான். அன்றைக்குக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதா, மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்பதா என்பது இன்று லேபில் நாம் எப்படிக் கற்கிறோம் என்பதைப் பொறுத்தது. ரெக்கார்டு நோட்டில் மார்க்குக்காக ரீடிங்கைக் காப்பியடித்தால் டிப்ளமோ கிடைக்கும், கை பழகாது. மல்டிமீட்டரைப் பிடித்து, தப்பு எங்கே என்று கண்டுபிடித்துப் பழகினால் அது கடைசிவரை சோறு போடும். நாட்டுக்கே ஒருநாள் கை கொடுத்ததும் அந்தப் பழக்கம்தான்.

வாழ்க நரசிம்மன் புகழ்! வளர்க நம் கைத்திறன்!