கற்பிக்கக் கற்ற அம்மையார்

புனே நகரில் வாழும் நாம் சாவித்திரிபாய் பூலே அம்மையாரின் பெயரை அடிக்கடி கேட்கிறோம். இந்நகரப் பல்கலைக்கழகமே 2014ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சேற்றையும் சாணத்தையும் வாரி எறிந்தோருக்கு அஞ்சாது பள்ளிக்கு நடந்த வீரப் பெண்மணி என்றே அவரை நம் குழந்தைகளுக்குச் சொல்லி வருகிறோம். அவர் பயிற்சி பெற்ற ஆசிரியர் என்பதைச் சொல்ல ஏனோ மறந்து விடுகிறோம்.

1831ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள், சாத்தாராப் பகுதியிலுள்ள நய்காவ் என்னும் சிற்றூரில் அம்மையார் பிறந்தார். ஒன்பது வயதில் ஜோதிராவ் பூலேயை மணந்தபோது அவருக்கு எழுத்தறிவு இல்லை. கணவரே முதல் ஆசானாக அமைந்தார். ஆயினும் அதுவே போதுமென இருவரும் அமைதி கொள்ளவில்லை. தான் படிப்பது வேறு. பிறர் குழந்தைகளை அமர்த்திப் படிப்பிப்பது வேறு அன்றோ? அகமதுநகரில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சிந்தியா ஃபாரர் அம்மையாரின் பள்ளியிலும், பூனாவில் மிட்செல் அம்மையாரின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் சாவித்திரிபாய் பயின்றார். நாம் பணிபுரியும் ரயில்வேயில் பயிற்சி முடிக்காதவரைச் சிக்னல் கைப்பிடியைத் தொட விடுவதில்லை. குழந்தைகளை ஒப்படைக்கும்போது மட்டும் பட்டம் ஒன்றிருந்தால் போதும் என்று இருந்து விடுகிறோம்.

1848ஆம் ஆண்டு புதவார் பேட்டையில், பிடே வாடாவில், பெண்களுக்கான பள்ளி தொடங்கியது. தக்டுசேட் கணபதியை வணங்கித் திரும்பும் நம்மில் பலரும் அந்த எதிர்ப்புறத்தைக் கவனியாமலே கடந்திருப்போம். மறு ஆண்டே மாமனார் வீட்டினின்று வெளியேற நேர்ந்தது. பள்ளிகளோ 1851 முடிவதற்குள் மூன்றாயின.

1882இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு ஜோதிராவ் ஒரு விண்ணப்பம் அளித்தார். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இயன்றவரை பயிற்சி பெற்றவர்களாகவும், பிள்ளைகளோடு கலந்து பழகக்கூடிய உழவர் குலத்தினராகவும் இருத்தல் வேண்டும். சம்பளம் 12 ரூபாய்க்குக் குறையலாகாது. பெரிய ஊர்களில் 15 அல்லது 20 ரூபாய் தரவேண்டும் என்பன அதில் கண்டவை. மனைவியின் வகுப்பறையை ஆண்டுக்கணக்கில் அருகிருந்து பார்த்தவரின் கோரிக்கை அது என்றே நமக்குத் தோன்றுகிறது.

1890இல் ஜோதிராவ் மறைந்தார். 1897இல் பூனாவைக் கொள்ளைநோய் சூழ்ந்தது. அம்மையார் மகன் யஷ்வந்தின் மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தம் முதுகிலேயே சுமந்து கொண்டு வந்தார். அந்நோய் அவரையும் பற்ற, மார்ச் 10ஆம் நாள் உயிர் நீத்தார்.