பொது நிலத்தில் விதைத்தவர்

மாஸ்கோவில் கிரெம்ளின் மதிலையொட்டி, ரோமனாவ் அரச வம்சத்தின் 300-ஆம் ஆண்டு நினைவாக எழுப்பப்பட்ட கல்தூண் ஒன்று உண்டு. 1918-இல் அதிலிருந்த மன்னர்களின் பெயர்களை நீக்கிவிட்டுப் புரட்சிச் சிந்தனையாளர்களின் பெயர்களைப் பொறித்தனர். மார்க்ஸ், ஏங்கெல்ஸ் ஆகியோரோடு 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ஜெரார்ட் வின்ஸ்டன்லியும் அதில் இடம்பெற்றார். கடவுளை மறுத்தவர்கள் போற்றிய இம்மனிதர், நிலம் அனைவருக்கும் பொது என்ற முடிவுக்கு பைபிளின் வழியாகவே வந்தவர்.

1609-இல் விகன் நகரில் பிறந்த அவர், லண்டனில் துணி வணிகம் செய்தார். உள்நாட்டுப் போர் வணிகத்தைச் சிதைக்க, 1643-இல் நொடித்துப்போய், சர்ரே பகுதியின் கோப்ஹாம் கிராமத்தில் மாடு மேய்த்துப் பிழைத்தார். அப்போது தொடர்ந்து விளைச்சல் பொய்த்தது. தானிய விலை ஏறியது. ஏழைகள் பசித்திருக்க, ஊர்ப் பொதுநிலங்கள் தரிசாகக் கிடந்தன.

ஆதிமனிதனின் வீழ்ச்சி பேராசையில் தொடங்கியது என்றும், நிலத்தை வேலியிட்டு விற்பதும் வாங்குவதும் அதன் தொடர்ச்சியே என்றும் அவர் எழுதினார். எருசலேமின் முதல் கிறிஸ்தவர்கள் உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ்ந்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. திருச்சபை அதனைப் பழங்கதையாகவே வாசித்துக்கொண்டிருக்க, வின்ஸ்டன்லி நடைமுறைத் திட்டமாக வாசித்தார்.

மன்னர் முதலாம் சார்லஸின் தலை கொய்யப்பட்ட இரண்டு மாதங்களில், 1649 ஏப்ரல் 1 ஞாயிற்றுக்கிழமை, செயின்ட் ஜார்ஜ் குன்றில் ஒரு சிறு கூட்டம் மண்வெட்டியுடன் இறங்கியது. ஓய்வுநாளில் நிலத்தைக் கொத்தியதே சமயத் துணிச்சல்தான். கேரட், பீன்ஸ் முதலியவற்றை விதைத்தனர். பிறர் பட்டாநிலத்தில் ஒரு சாணும் கேட்கவில்லை, ஆயுதம் ஏந்தவில்லை. தளபதி ஃபேர்ஃபாக்ஸ் முன் தொப்பியைக் கழற்றாமல் நின்றது மட்டுமே அவர்கள் காட்டிய முரட்டுத்தனம்.

ஆனாலும் ஊர்ச் செல்வர்கள் பொறுக்கவில்லை. பயிர்கள் மிதிக்கப்பட்டன, உழைத்தவர்கள் தாக்கப்பட்டனர். கிங்ஸ்டன் நீதிமன்றத்தில் வழக்குரைஞருக்குக் கூலி தர மறுத்துத் தாமே பேச விரும்பினர், அனுமதி கிடைக்கவில்லை. அபராதத்துக்காக வின்ஸ்டன்லியின் பொறுப்பில் இருந்த பசுக்களை ஓட்டிச் சென்றனர். குழுவினர் கோப்ஹாமின் லிட்டில் ஹீத் திடலுக்கு இடம் மாறினர்.

அங்கே அவர்களை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் ஜான் பிளாட். அவர் நிலக்கிழார்; பாதிரியாரும் அவரே. வின்ஸ்டன்லி எழுதிவைத்த விவரம் இது: பொதுநிலத்தை உழும் உரிமையை வேதத்திலிருந்து நிறுவினால் தொல்லை தருவதில்லை என பிளாட் வாக்களித்தார். வின்ஸ்டன்லி சான்றுகளைத் தொகுத்து, 1650 ஈஸ்டர் வாரத் திங்களன்று அவரிடம் கொடுத்தார். பிளாட் அதைப் படித்தார். அதே வார வெள்ளியன்று ஆட்களுடன் வந்து குடிசைகளுக்குத் தீ வைத்தார். பிள்ளைகளோடு அக்குடும்பங்கள் வெட்டவெளியில் நின்றன. வேதத்தை அறியாததால் நேர்ந்த கொடுமை என்று இதைச் சொல்ல முடியாது. சான்றைக் கேட்டுப் பெற்று, வாசித்த பின் மூட்டிய நெருப்பு அது.

1652-இல் விலைக்கு வாங்கலும் விற்றலும் இல்லாத குடியரசொன்றின் சட்டங்களை வகுத்து, அந்நூலை கிராம்வெல்லுக்குக் காணிக்கையாக்கினார் வின்ஸ்டன்லி. ஆட்சியாளர் அதன்படி எதுவும் செய்யவில்லை. அத்துடன் அவர் எழுத்தும் நின்றுபோயிற்று.

பிற்காலத்தை ஆய்வாளர்கள் சற்றுச் சங்கடத்துடனேயே சொல்வார்கள். மாமனார் வழியில் கோப்ஹாமில் அவருக்குச் சொத்து வந்தது. வட்டாரப் பதவிகளும் தேடி வந்தன. இதைச் சமரசம் என்று ஒதுக்குவது எளிது. குடும்பத்தைக் காக்க வேண்டிய மனிதருக்கு வேறு எந்த வழி திறந்திருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1660-இல் அவர் ஏற்ற பணி, பங்கின் ஏழைகள் மேற்பார்வையாளர். நிலமுள்ளோரிடம் வரி திரட்டி, நிலமற்றோருக்கு உதவித்தொகை பகிர்ந்தளிப்பது அதன் கடமை. ஏழைக்குத் தேவை பிச்சையன்று, உழுவதற்கு நிலமே என்று வாதிட்டவர், அந்த ஊரிலேயே அந்தக் கணக்கைக் கையில் எடுத்தார். 1676-இல் அவர் இறந்தபோது, அடக்கத்தைத் தம் பதிவேட்டில் குறித்துவைத்தவர்கள் குவேக்கர்கள். அவர் கொத்திய குன்றில் இன்று காவல் வாயிலுக்குப் பின்னே செல்வந்தர்களின் மாளிகைகள் நிற்கின்றன.