விண்கலப் பொருள் எவ்வளவு அதிரும்? 100 ஆண்டு பழைய கணக்கும் அதைப் போட்ட அகதி இன்ஜினியரும்: யார் இந்த திமோஷென்கோ?

சிவில், மெக்கானிக்கல் படித்தவர்களிடம் திமோஷென்கோ என்று சொல்லிப் பாருங்கள். 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' புத்தகம்தான் முதலில் ஞாபகம் வரும். அதை எழுதியவர் வேலையையும் பறிகொடுத்தவர், நாட்டையும் பறிகொடுத்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

1878-ல் அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரைனில் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்தவர் ஸ்டீபன் திமோஷென்கோ. ரயில்வே இன்ஜினியர் ஆகணும் என்பது சிறுவயது ஆசை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அதற்கான படிப்பை 1901-ல் முடித்தார். பிறகு கீவ் பாலிடெக்னிக்கில் பேராசிரியர், அடுத்து டீன்.

1911-ல் வந்தது சிக்கல். யூத மாணவர்களை இத்தனை பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. அந்தத் தகராறில் டீன்கள் சிலரை அரசு வீட்டுக்கு அனுப்பியது. அதில் திமோஷென்கோவும் ஒருவர். கையில் வேலை இல்லை. கட்டமைப்புகளின் நிலைத்தன்மை பற்றிய ஆய்வுக்குக் கிடைத்த பரிசுப் பணம்தான் அப்போது குடும்பத்துக்குக் கைகொடுத்தது.

அப்படி என்ன கணக்கு அது?

ஒரு நீளமான ஸ்கேலை மேஜை ஓரத்தில் அழுத்திப் பிடித்து, நுனியைத் தட்டி விடுங்கள். வளைந்து வளைந்து ஆடும். இதற்கு 18-ம் நூற்றாண்டிலேயே ஆய்லரும் பெர்னூலியும் கணக்கு சொல்லிவிட்டார்கள். ஆனால் பீம் குட்டையாக, தடிமனாக இருந்தால் அந்தக் கணக்கு தப்பும்.

ஏன்? ஒரு தடித்த நோட்டை வளைத்துப் பாருங்கள். பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். பீமுக்குள்ளும் இதே மாதிரி சறுக்கம், அதாவது ஷியர், நடக்கிறது. பழைய கணக்கு இதைக் கண்டுகொள்ளவில்லை. அதனால் பீமை நிஜத்தைவிட விறைப்பானதாக நினைத்து, அதிர்வெண்ணைக் கூடுதலாகக் காட்டியது. இது சின்ன விஷயம் இல்லை. ஓடும் இயந்திரத்தின் வேகமும் பீமின் இயல்பு அதிர்வெண்ணும் ஒன்றாகிவிட்டால் ஒத்ததிர்வு வரும். ஆட்டம் ஏறிக்கொண்டே போய் உடையலாம்.

ஷியரையும், ஆடும்போது குறுக்குவெட்டு சுழல்வதையும் சேர்த்து திமோஷென்கோ போட்ட புதுக் கணக்கு 1921-ல் லண்டன் இதழ் ஒன்றில் ஆங்கிலத்தில் வெளியானது. இதில் அவருடைய நண்பர், இயற்பியலாளர் பால் எரன்ஃபெஸ்ட்டுக்கும் பங்கு உண்டு. 1916-ல் ரஷ்ய மொழியில் எழுதிய புத்தகத்தில் திமோஷென்கோவே அதைச் சொல்லியிருக்கிறார். பெயர் என்னவோ ஒருவருக்கே நின்றுவிட்டது.

கட்டுரை வந்தபோது அவர் இருந்தது யூகோஸ்லாவியாவின் சாக்ரெப் நகரில். 1918-ல் உக்ரைன் அறிவியல் அகாடமியை உருவாக்கியவர்களில் ஒருவர், உள்நாட்டுப் போரால் ஊரை விட்டு வந்திருந்தார். 1922-ல் அமெரிக்கா. 43 வயதில் மறுபடி முதலிலிருந்து! ஃபிலடெல்ஃபியாவில் அதிர்வுப் பிரச்சினைகளைச் சரிசெய்யும் ஒரு நிறுவனம், பிறகு வெஸ்டிங்ஹவுஸ், மிச்சிகன், ஸ்டான்ஃபோர்டு. அமெரிக்க இன்ஜினியர்களுக்குக் கணிதம் போதவில்லை என்பது அவருடைய வெளிப்படையான குறை. வெஸ்டிங்ஹவுஸில் இளம் இன்ஜினியர்களுக்குப் பாடமே எடுத்தார்.

இப்போது ஏன் இது முக்கியம்?

1984 வாக்கில் ஜப்பானில் விண்வெளி விமானத் திட்டத்துக்கு ஒரு பொருள் தேவைப்பட்டது. ஒரு பக்கம் சுமார் 2,000 கெல்வின் வெப்பம், மறுபக்கம் அதைவிட 1,000 கெல்வின் குறைவு. நடுவில் 10 மில்லிமீட்டர்கூட இல்லாத தடிமன். செராமிக்கையும் உலோகத்தையும் சும்மா ஒட்டினால் சூட்டில் ஒட்டிய இடம் பிளந்துவிடும். அதனால் ஒரு முகம் செராமிக், மறுமுகம் உலோகம், நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக மாறும் கலவை என்று யோசித்தார்கள். இயற்கையில் மூங்கில் இப்படித்தான்: வெளிப்பக்கம் போகப் போக நார் அடர்த்தியாகும்.

இந்தப் பொருளில் செய்த பீமில் விறைப்பும் அடர்த்தியும் தடிமன் நெடுக மாறும். வளையும்போது இழுபடாமலும் அமுங்காமலும் இருக்கும் தளம்கூட நட்டநடுவில் இருக்காது, விறைப்பான பக்கம் நகர்ந்துவிடும். அதிர்வைக் கணக்கிட ஆய்வாளர்கள் இன்றும் திமோஷென்கோ சமன்பாட்டைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். ஒரு தொல்லை உண்டு. ஷியர் தடிமன் முழுக்க ஒரே சீராக இருப்பதாக அது வைத்துக்கொள்வதால், ஒரு திருத்த எண்ணைப் பெருக்க வேண்டும். ஒரே பொருளாலான செவ்வகப் பீமுக்கு அது சுமார் 5/6. கலவை மாறும் பீமில் எந்த எண் சரி என்பது கலவை மாறும் விதத்தைப் பொறுத்தது.

இதையெல்லாம் பார்க்க அவர் இல்லை. கடைசிக் காலத்தில் மகளுடன் வாழ ஜெர்மனியின் வுப்பர்டால் போனவர், 1972 மே மாதம் 93 வயதில் அங்கேயே காலமானார். வேலையை விட்டு அனுப்பிய அதே கீவில், இன்று இயந்திரவியல் ஆய்வு நிறுவனம் ஒன்று அவர் பெயரில் இயங்குகிறது.